ஒரே பெயர், ஒரே வருஷம், இரண்டு ஆட்கள்: வம்சம் தேடும்போது நான் செய்த தவறுகள்

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் ஒரு ஜாதக நோட்டு கிடந்தது. முதல் பக்கத்தில் மஞ்சள் தடவி, 'தாது வருஷம்' என்று தொடங்கி, என் பூட்டன் பெயர் எழுதியிருந்தது. பெயரை முத்தையா என்று வைத்துக்கொள்வோம். 'தாது வருஷப் பஞ்சத்துலதான் நம்ம ஆளுக இந்த ஊருக்கு வந்தாக' என்று ஆச்சி சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். பஞ்சம் 1876-ல் தொடங்கியது. ஜாதகமும் தாது. பெயரும் பொருந்துகிறது. அப்புறம் என்ன, பூட்டன் பிறந்தது 1876 என்று எழுதி, குடும்ப வாட்ஸாப் குரூப்பிலும் போட்டுவிட்டேன்.

தமிழ் வருஷப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வரும் என்பது எனக்குத் தெரியாததல்ல. 1876-க்குப் பிறகு 1936-லும் தாது வந்தது. ஆனால் கையில் கிடைத்த சந்தோஷத்தில் அதை யோசிக்கவில்லை. பழக்கமான ஜோசியர் ஒருவரிடம் நோட்டைக் காட்டியபோதுதான் குட்டு உடைந்தது. குருவும் சனியும் 60 வருஷத்தில் ஏறக்குறைய பழைய ராசிக்கே வந்துவிடும், அதனால் அவற்றை வைத்து இந்தத் தாதுவா அந்தத் தாதுவா என்று சொல்ல முடியாது, ராகுவைப் பார் என்றார். ராகு ஒரு சுற்று வர சுமார் பதினெட்டரை வருஷம் ஆகும். 60 வருஷத்தில் மூன்று சுற்று முடித்து மேலும் இரண்டு மூன்று ராசி தள்ளிப் போயிருக்கும். பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டார். கட்டத்தில் ராகு நின்ற இடம் 1936-க்குத்தான் சரியாக வந்தது. தமிழ்த் தேதியும் கிழமையும்கூட அந்த வருஷத்துக்கே பொருந்தின.

அப்படியானால் அந்த முத்தையா யார்? சின்ன வயதிலேயே தவறிப்போன பெரியப்பா. மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது எங்கள் பக்க வழக்கம். ஆனால் ஆச்சி மாமனார் பெயரை வாயால் சொல்லமாட்டாள். பிள்ளையை 'ராசா' என்றே கூப்பிட்டிருக்கிறாள். வீட்டில் எல்லோருக்கும் அவர் ராசா பெரியப்பாதான். அவருக்கு இன்னொரு பெயர் இருந்தது என்பதே யாருக்கும் நினைவில்லை.

வம்சம் தேடுகிறவர்கள் அதிகம் வழுக்குவது இந்த இடத்தில்தான். பழைய பத்திரங்களில் 'முத்தையா மகன் பெரியசாமி' என்றும் 'பெரியசாமி மகன் முத்தையா' என்றும் மாறி மாறி வரும். எழுதியவர் முன்பின்னாக எழுதிவிட்டார் போலிருக்கிறது என்று நாமே திருத்திக்கொள்வோம். திருத்தாதீர்கள். அது அடுத்த தலைமுறை. பெயர் ஒத்துப்போவதைக் கண்டதும் ஒட்டிவிடாமல், இரண்டும் ஒரே ஆளாக இருக்க முடியாது என்று காட்ட ஏதாவது கிடைக்கிறதா என்று தேடுங்கள்.

வருஷக் கணக்கில் இன்னும் இரண்டு சிக்கல் உண்டு. ரெவின்யூ காகிதங்களில் பசலி என்ற வரிக்கணக்கு ஆண்டு இருக்கும். அதோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஆங்கில வருஷம் வரும். திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்துப் பழைய ஆவணம் என்றால் கொல்லம் ஆண்டு என்ற மலையாள வருஷக் கணக்கு. ஆவணி முதல் மார்கழிப் பாதி வரை 824, அதற்குப் பிறகு 825 கூட்ட வேண்டும். பழைய பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை நம்பவே வேண்டாம். தலைக்கு மேலே கையைச் சுற்றிக் காதைத் தொட்டவனுக்கு வாத்தியார் போட்ட தேதி அது.

அடுத்தது உறவுமுறை. அப்பா ஒருவரைச் சித்தப்பா என்று கூப்பிட்டார் என்பதற்காக அவரைத் தாத்தாவின் கூடப்பிறந்த தம்பியாக வரைந்துவிடக் கூடாது. மூன்று தலைமுறை தள்ளிய பங்காளியும் சித்தப்பாதான். 'அவரும் எங்கப்பாவும் அண்ணன் தம்பி' என்றால், 'ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளா, பங்காளி முறையா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். அக்காள் மகளைக் கட்டியவர் குடும்பத்தில் இருந்தால் ஒரே பெண் இரண்டு இடத்தில் வருவாள். அதைப் பிழை என்று நினைத்து ஒன்றை அழித்துவிட்டு, பிறகு நான் பட்ட பாடு தனிக்கதை.

எதை முதலில் கேட்பது என்பதிலும் கோட்டை விட்டேன். எடுத்த எடுப்பில் பெரியவர் ஒருவரிடம் போய், பழைய பத்திரம் இருந்தால் பார்க்கலாமா என்றேன். 'எதுக்குப்பா இப்ப பத்திரம்? ஏதும் வில்லங்கம் இருக்கா?' என்றவர், காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். சொத்துக்கு வந்திருக்கிறான் என்று பேச்சு கிளம்பி அடங்க ஆறு மாதம் ஆயிற்று. மொய் நோட்டு, பழைய கல்யாணப் பத்திரிகை, குலதெய்வக் கோயில் வரி நோட்டு என்று ஆரம்பித்திருக்க வேண்டும். இவற்றைக் காட்ட யாரும் தயங்குவதில்லை, ஊர் பெயரும் சேர்ந்தே கிடைக்கும்.

பத்திரம் கைக்கு வந்தால் எழுதிக்கொடுத்தவர், வாங்கியவர் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். நான்கெல்லையைப் படியுங்கள். பாகம் பிரித்த நிலத்தில் பக்கத்து வயல்காரர் பெரும்பாலும் பங்காளியாக இருப்பார். என் பூட்டனுக்கு ஒரு தம்பி இருந்ததே 'வடக்கு எல்லை' என்ற ஒரு வரியில்தான் தெரியவந்தது.

கடல் கடந்து போன குடும்பத்தைத் தேடுகிறவர்களுக்கு ஜில்லா பெயர் ஒரு பொறி. 1860-ல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு 'ட்ரூரோ' கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் போய்ச் சேர்ந்த காலத்தில் 'வட ஆற்காடு' என்றால் இன்றைய சித்தூரும் அதில் அடக்கம். சித்தூர் தனி ஜில்லாவானது 1911-ல். ஆகவே வேலூர், திருவண்ணாமலையில் தேடி ஊர் கிடைக்கவில்லை என்று விட்டுவிட வேண்டாம்.

பெண்கள் பெயர் கிடைப்பதுதான் பெரும்பாடு. எங்கள் காகிதங்களில் பூட்டி 'மேற்படியார் பாரியாள்' என்று மட்டுமே வருகிறாள். ஆனால் மூத்த பேத்திக்கு அப்பாவைப் பெற்றவள் பெயர் வைப்பதும் எங்கள் வழக்கம்தான். பூட்டனின் இரண்டு மகன்கள் வழியிலும் மூத்த பேத்தி பெயர் ஒன்றே: வடிவு. பூட்டி இருக்க வேண்டிய கட்டத்தில் பென்சிலால் 'வடிவு' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.