மலிவு விலை வின்ச் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

சேற்றிலும் மலைப்பாதையிலும் ஓட்டும் ஜீப்புக்கு வின்ச் (சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுத்து மீட்கும் மோட்டார் கருவி) வாங்குவோர், ஆட்களும் சுமையும் ஏறிய நிலையில் வண்டியின் மொத்த எடையைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு இழுவிசை கொண்டதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு டன் வண்டிக்கு மூன்று டன் என்பது அடிப்படைக் கணக்கு. ஆனால் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எண், உருளையில் கயிற்றின் முதல் அடுக்கு மட்டும் எஞ்சியிருக்கும்போது கிடைக்கும் விசையையே குறிப்பதால், மேலே அடுக்குகள் ஏற ஏற அது கணிசமாகக் குறைந்துவிடும். ஆகவே கயிற்றை முடிந்தவரை வெளியே விட்டு இழுப்பது நல்லது. எனினும் எஃகுக் கயிறானால் ஐந்து சுற்றுகளேனும், செயற்கை இழைக் கயிறானால் அதற்கும் கூடுதலாகவும் உருளையில் விட்டுவைக்க வேண்டும்.

ஒரு கப்பியையும் சேர்த்து வாங்கி, கயிற்றை மரத்தில் கட்டிய கப்பி வழியாக வண்டிக்கே திருப்பிக் கொக்கியிட்டால், வேகம் பாதியாகக் குறைந்தாலும் இழுவிசை ஏறத்தாழ இரட்டிப்பாகும். சிறிய வின்ச் வாங்கியவருக்கு இதைவிட மலிவான உதவி வேறில்லை.

முழுச் சுமையில் 12 வோல்ட் மோட்டார் 400 ஆம்பியர் வரை மின்சாரம் இழுக்கக்கூடும் என்பதால், எஞ்சினை ஓடவிட்டு, சிறிது சிறிதாக இழுத்து, இடையிடையே மோட்டாரை ஆறவிட வேண்டும். மலிவான வின்ச்களில் ஈரம் புகுந்து எளிதில் கெடும் பகுதி, மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான சொலினாய்டு. விலையில் கிடைக்கும் தள்ளுபடியைவிட அந்த உதிரிபாகம் உள்ளூரில் கிடைப்பதே முக்கியம் என்பேன். பயணம் இல்லாத மாதங்களிலும் ஒருமுறை கயிற்றை முழுவதும் அவிழ்த்துப் பார்த்து, அறுந்த இழைகள் இல்லையென உறுதிசெய்து, லேசான சுமையுடன் இறுக்கமாகச் சுற்றிவைக்கவும்.