மலைவீட்டுக் கூரையைப் புயல் சேதப்படுத்திய பின் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் ஒரு வீட்டின் கூரை ஆண்டுக்கு இரண்டு முறை சோதனைக்கு உள்ளாகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கூடலூர், பந்தலூர், நடுவட்டம், அவலாஞ்சி ஆகிய மேற்குப் பகுதிகளில் அறைகிறது. அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பக்கம் வருகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. அப்படிப்பட்ட ஓர் இரவில் தகரம் பறப்பதும் ஓடு சரிவதும் யார் வீட்டிலும் நடக்கக்கூடியவை. ஆனால் காற்று செய்த சேதத்தைவிட, அதற்கு அடுத்த இரண்டு நாட்களில் பதற்றத்தால் செய்தவையும், அடுத்த இரண்டு வாரங்களில் அவசரத்தால் செய்தவையும் பெரிய இழப்பாக முடிந்த வீடுகளை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

உயிரோடு சம்பந்தப்பட்ட தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். மழை சற்று விட்டதும் ஏணியைச் சாத்திக்கொண்டு கூரைமேல் ஏறிவிடுகிறார்கள். மலையில் காற்று ஓய்ந்தாற்போல் பத்து நிமிடம் அமைதியாக இருந்துவிட்டு, பள்ளத்தாக்கிலிருந்து மறுபடியும் ஒரே வீச்சாக ஏறி வரும். கையில் பிடித்திருக்கும் தகரம் அப்போது படகின் பாய் போலாகிவிடும். ஆஸ்பெஸ்டாஸ் சீட் போட்ட லைன் வீடுகளில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) அபாயம் இன்னும் அதிகம். பார்வைக்குச் சிமென்ட் போலத் திடமாகத் தெரிந்தாலும், பல ஆண்டு வெயிலும் பனியும் பட்டுப் பாசி பிடித்த சீட் ஓர் ஆளின் எடையைத் தாங்காது. கால் வைத்த இடம் அப்படியே உடைந்து ஆள் வீட்டுக்குள் விழுவார். ஏறியே ஆக வேண்டுமென்றால் பகல் வெளிச்சத்தில், காற்று முற்றிலும் அடங்கிய பிறகு, கீழே ஒருவர் நிற்க, இடுப்பில் கயிறு கட்டி, சீட்டைத் தாங்கும் சட்டங்களின் மேல் நீளமான பலகையைக் குறுக்கே போட்டு அதன்மேல்தான் நகர வேண்டும்.

மின்சாரத்தையும் இதே கவனத்தோடு பார்க்க வேண்டும். நம் ஊர்களில் கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர் பெரும்பாலும் கூரையை ஒட்டிய இரும்புக் குழாய் வழியாகத்தான் வீட்டுக்குள் இறங்குகிறது. நகர்ந்த தகரம் அந்த ஒயரை உரசி அதன் உறையைக் கிழித்துவிட்டால் கூரை முழுவதிலும் மின்சாரம் பாயலாம். மெயின் சுவிட்சை அணைத்தால் வீட்டுக்குள் செல்லும் மின்சாரம்தான் நிற்கும். மீட்டருக்கு முன்னால் இருக்கும் ஒயரில் அது தொடர்ந்து இருக்கும். இன்வெர்ட்டரையும் தனியாக அணைக்க வேண்டும் என்பது பலருக்கு நினைவு வருவதில்லை. ஒயர் தொங்கினாலோ தகரத்தில் பட்டுக்கொண்டிருந்தாலோ குச்சியால் தள்ளிப் பார்க்காமல், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணுக்கு அழைத்து இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.

அடுத்த தவறு, படம் எடுக்காமல் சுத்தம் செய்வது. முற்றத்தில் கிடக்கும் உடைந்த ஓடுகளையும் மடங்கிய தகரத்தையும் பார்க்கச் சகிக்காமல் ஒதுக்கிவிடுகிறோம். இரண்டு நாள் கழித்துக் கிராம நிர்வாக அலுவலர் வரும்போது காட்டுவதற்கு ஒன்றும் இருப்பதில்லை. வீட்டின் நான்கு புறத்திலிருந்தும், உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தபடியும், நனைந்த பொருட்களையும் படம் எடுத்து வையுங்கள். பிய்ந்த போல்ட்டுகளில் இரண்டைக்கூட எடுத்து வைப்பது நல்லது. எது தோற்றது என்பதற்கு அவையே சாட்சி. 2022-23 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு வகுக்கப்பட்ட பேரிடர் நிவாரண நிதி விதிமுறைப்படி, மலைப்பகுதியில் முழுவதும் இடிந்த வீட்டுக்கு 1,30,000 ரூபாயும், குறைந்தது 15 விழுக்காடு சேதமடைந்த பக்கா வீட்டுக்கு 6,500 ரூபாயும், மண், ஓலை போன்றவற்றாலான கச்சா வீட்டுக்கு 4,000 ரூபாயும் உதவித்தொகையாக வகுக்கப்பட்டிருந்தன. தொகை சிறியதுதான்; ஆனாலும் அந்த 15 விழுக்காட்டை நிறுவுவதற்குப் படம் தேவை. காப்பீடு பற்றியும் ஒரு வார்த்தை: 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பாரத் கிருக ரக்ஷா பாலிசி புயல், வெள்ளம், நிலச்சரிவு ஆகியவற்றால் வீட்டுக்கு ஏற்படும் சேதத்தை ஏற்கிறது. வீட்டுக்கடன் வாங்கியபோது வங்கியே ஒரு பாலிசி எடுத்திருப்பதை மறந்துவிட்டுக் கைப்பணத்தைச் செலவழித்தவர்கள் உண்டு. கடன் கோப்பை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அதே சமயம், அதிகாரி வரட்டும், காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வரட்டும் என்று கூரையைத் திறந்தே போட்டு வைப்பதும் தவறு. படம் எடுத்த கையோடு மூடிவிட வேண்டும்.

மூடுவதிலும் பிழை நேர்கிறது. ஓட்டை எவ்வளவோ அவ்வளவுக்குத் தார்ப்பாயை வெட்டிப் போட்டு நான்கு மூலையிலும் கல்லை வைத்துவிடுகிறார்கள். மழைநீர் மேலிருந்து வழிந்து தார்ப்பாயின் மேல் விளிம்புக்கு அடியில் புகுந்து, மூடாமல் விட்டிருந்தால் ஒழுகியிருக்கும் அதே இடத்தில் இறங்கும். தார்ப்பாய் முகட்டைத் தாண்டி மறுபுறச் சரிவிலும் மூன்றடியாவது இறங்க வேண்டும். அதன் ஓரங்களை ஒரு ரீப்பர் கட்டையில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, அந்தக் கட்டையைச் சட்டத்தோடு சேர்த்து ஆணி அடித்தால் காற்று கிழிக்காது. தார்ப்பாயில் நேரடியாக ஆணி அடித்தால் முதல் காற்றிலேயே கண்விட்டுப் போகும். கல்லும் பழைய டயரும் ஓரிரு இரவுக்குத் தாங்கலாம். மாதக்கணக்கில் கிடந்தால் கல்லின் அடியில் ஈரம் நின்று துத்தநாகப் பூச்சு போய்த் தகரம் துருப்பிடிக்கும். பெருங்காற்றில் அந்தக் கல்லே உருண்டு கீழ்வீட்டின்மேல் விழும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். எங்கள் வீடு கோத்தகிரிக்கு அருகே ஒரு மேட்டில் இருக்கிறது. ஒரு நவம்பரில் கிழக்கு மூலையில் ஐந்து தகரங்கள் பறந்தன. அடுத்த வாரமே ஆள் வைத்துப் புதிதாக ஐந்து தகரங்களைப் போட்டுத் திருகாணியை இறுக்கி முடித்தோம். மறு ஆண்டு அதே மூலை மீண்டும் கிளம்பியது. இம்முறை தகரங்கள் தனியே பிய்ந்து போகவில்லை. திருகாணிகள் ஒன்றுகூட விடாமல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, சட்டம் கைமரத்தோடும் (முகட்டிலிருந்து சுவர் நோக்கிச் சரியும் மரம்), கைமரம் சுவர்மேல் படுக்கவைத்திருந்த மரத்தோடும் சேர்ந்து ஒரே பலகைபோல் எழும்பி முற்றத்தில் கிடந்தது. அந்தப் படுக்கை மரத்தைத் திருப்பிப் பார்த்தேன். சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த அடிப்பக்கம் விரலால் அழுத்தினாலே பொடியாக உதிர்ந்தது. அதைச் சுவரோடு பிணைத்திருந்தது பல ஆண்டுகளுக்கு முன் கட்டிய ஒரு கம்பி மட்டும். அதுவும் துருவேறி நூலாகிவிட்டிருந்தது. முதல் ஆண்டே கைமரத்தின் நுனியை ஒரு சுத்தியலால் தட்டிக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

காற்று கூரையை மேலிருந்து அழுத்தி உடைப்பதில்லை, மேல்நோக்கி இழுக்கிறது. முகட்டைத் தாண்டி விரையும் காற்று கூரையின் மேற்பரப்பில் உறிஞ்சல் விசையை உண்டாக்குகிறது. அந்த உறிஞ்சல் மூலைகளிலும் கூரையின் கீழ் விளிம்பான இறவாணத்திலும் முகட்டை ஒட்டிய பகுதியிலும்தான் மிகுதி. மேட்டின் உச்சியில் காற்றின் வேகமே கூடிவிடும் என்பதால், கட்டடங்களின் காற்றுச்சுமை பற்றிய இந்தியத் தரநிலை, நில அமைப்பைப் பொறுத்து அந்த வேகத்தை 1.36 மடங்கு வரை கூட்டிக் கணக்கிடச் சொல்கிறது. விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், 1.36 மடங்கு வேகம் ஏறக்குறைய 1.85 மடங்கு இழுப்பாகிறது. சமவெளியில் தாங்கிய அதே பிணைப்பு மேட்டுவீட்டில் தாங்காததற்குக் காரணம் இதுதான். ஆகவே கூரை தரையோடு பிணைக்கப்பட்ட ஒரு சங்கிலி என்று எண்ணிப் பாருங்கள்: தகரம், திருகாணி, சட்டம், கைமரம், படுக்கை மரம், சுவர். எந்தக் கண்ணி விட்டது என்று கண்டுபிடிக்காமல் தகரத்தை மட்டும் மாற்றினால் அடுத்த கண்ணியைச் சோதிக்கக் காற்றுக்கு வாய்ப்புக் கொடுத்ததாகிவிடும். கைமரம் ஒவ்வொன்றையும் படுக்கை மரத்தோடு இரும்புப் பட்டையால் கட்டி, படுக்கை மரத்தைச் சுவருக்குள் இறங்கிய போல்ட்டால் இறுக்குவது அதிகச் செலவுள்ள வேலை அல்ல. கூரை திறந்திருக்கும் சமயத்தில் செய்யாவிட்டால் பிறகு செய்ய வழியும் இல்லை.

இதோடு தொடர்புள்ள தவறான நம்பிக்கை ஒன்று உண்டு. புயல் அடிக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்தால் காற்று ஒரு புறம் புகுந்து மறுபுறம் போய்விடும், கூரை பிழைக்கும் என்பார்கள். திறந்த ஜன்னல் வழியே புகுந்த காற்று உள்ளிருந்து கூரையைத் தள்ள, வெளியே உறிஞ்சல் இழுக்க, இரண்டும் ஒன்று சேர்ந்துவிடும். ஜன்னல்களையும் கதவுகளையும் இறுக்கமாக மூடி வைப்பதே சரி. உடைந்த கண்ணாடியை அன்றைக்கே பலகையால் அடைத்துவிடுங்கள்.

புதுத் தகரம் போடும்போது கவனிக்க வேண்டியவை பல இருந்தாலும், மேலடுக்கு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. ஒரு தகரத்தின் ஓரம் அடுத்ததன்மேல் ஏறும் இடத்தில், திறந்த விளிம்பு காற்று வரும் பக்கம் பார்த்தால் மழை உள்ளே ஊதித் தள்ளப்படும். கூடலூரில் மேற்கிலிருந்தும், கோத்தகிரியில் வடகிழக்கிலிருந்தும் வருவதே பெருங்காற்று என்பதால், வெளியூர் ஆட்களிடம் வேலையைக் கொடுக்கும்போது நாமே இதைச் சொல்லியாக வேண்டும். நெளிதகரத்தில் திருகாணி மேட்டில் இறங்க வேண்டும், தண்ணீர் ஓடும் பள்ளத்தில் இறங்கக் கூடாது. ரப்பர் வாஷர் பிதுங்கும்வரை முறுக்கினால் ஓரிரு ஆண்டில் வெடித்து ஒழுகும். தளர விட்டால் இன்றைக்கே ஒழுகும். இறவாணத்திலும் முகட்டிலும் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு திருகாணி போடச் சொல்லுங்கள். விலை குறைகிறதென்று மெல்லிய தகரத்தை வாங்கினால், திருகாணி நின்றிருக்க அதன் தலையைச் சுற்றித் தகரம் கிழிந்து பறக்கும். ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்களில் பொதுச்சுவரோடு வரிசையாக நிற்கும் வீடுகளில் அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு வேலை செய்வதே நல்லது. தனித்தனியே செய்தால் இரண்டு கூரைகள் சந்திக்கும் கோடு எப்போதும் ஒழுகும்.

உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் துண்டுகளைச் சம்மட்டியால் நொறுக்கிப் பள்ளத்தில் கொட்டுவதும், உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதும் கூடவே கூடாது. அதிலிருந்து பறக்கும் இழைகள் கண்ணுக்குத் தெரியாதவை. நுரையீரலில் தங்கிப் பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்க வல்லவை. தண்ணீர் தெளித்து நனைத்து, நெருக்கமான முகக்கவசம் அணிந்து, முழுத் துண்டுகளாகவே எடுத்துத் தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

ஒழுகலைத் தேடுவதிலும் ஏமாற்றம் நேரும். சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று எண்ணித் தார் பூசுகிறோம். தண்ணீரோ முகட்டருகே புகுந்து சட்டத்தின் அடியில் பத்தடி ஓடி வந்து சொட்டியிருக்கும். மரத்தில் படிந்த கறையைப் பிடித்து மேல்நோக்கிப் போய்ப் பாருங்கள். மழையே இல்லாத பனிக்காலை வேளையில் மட்டும் சொட்டினால் அது ஒழுகலே அல்ல. அறையின் வெப்பக் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகிறது. அதற்குக் காற்றோட்டமும் தகரத்துக்கு அடியில் ஒரு தடுப்பும் வேண்டும், தார் பூசிப் பயனில்லை. கான்கிரீட் கூரையில் விரிசல் விட்டிருந்தால் ஈரத்தின்மேல் நீர்த்தடுப்புப் பூச்சு அடிக்காதீர்கள், அது உரிந்துவிடும். ஜனவரி முதல் மார்ச் வரையிலான உலர்ந்த நாட்களுக்குக் காத்திருங்கள்.

கூரையை எல்லோரும் பார்க்கிறார்கள், இறவாணத்தில் பிய்ந்து தொங்கும் தூம்பை, அதாவது கூரைத் தண்ணீரைப் பிடித்துக் கொண்டுபோகும் வாய்க்காலை, சரிசெய்வதைத் தள்ளிப்போடுகிறார்கள். மலையில் இது மிகத் தவறான கணக்கு. கூரையின் மொத்தத் தண்ணீரும் ஒரே இடத்தில் கொட்டி, வீட்டின் பின்னால் வெட்டிய சரிவுக்கோ முன்னால் கட்டிய தடுப்புச் சுவரின் அடிக்கோ இறங்கினால், மண் ஊறிச் சரிவு நகரும். 2009 நவம்பரில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட மண்சரிவுகளுக்குப் பின்னால் இருந்தது அளவு மீறி ஊறிய மண்தான். தகரம் வாங்கப் போகும்போதே தூம்பையும் குழாயையும் சேர்த்து வாங்கி, தண்ணீரைக் கல் பாவிய வடிகால் வரை கொண்டு சேருங்கள். தடுப்புச் சுவரில் நீர் கசிய விட்டிருக்கும் துளைகள் மண்ணால் அடைத்திருந்தால் அவற்றையும் அன்றே குத்தித் திறந்துவிடுங்கள்.

சட்டம் சார்ந்த இரண்டு விஷயங்களும் உண்டு. தகரக் கூரையை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போட்டால் அது பழுதுபார்ப்பு ஆகாது. மலைப்பகுதிக் கட்டட விதிகளின்படி அனுமதி கேட்க வேண்டும். வீட்டின்மேல் சாய்ந்திருக்கும் சில்வர் ஓக்கையோ கற்பூர மரத்தையோ புயலைச் சாக்காக வைத்து வெட்டிவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955 முதலே நடைமுறையில் உள்ளது. ஆபத்தான மரம் என்று படத்துடன் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள்.

கடைசியாக, வேலை முடிந்த அன்றே கூலியை முழுவதுமாகக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். ஈர மரத்தில் இறங்கிய திருகாணி, மரம் உலர்ந்து சுருங்கும்போது தளரும். முதல் பருவக்காற்று அடித்து ஓய்ந்த பிறகு ஒருமுறை வந்து எல்லாத் திருகாணிகளையும் முறுக்கிப் பார்க்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே பேசி, அதற்கென ஒரு நாள் கூலியைத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.