கேபிளைப் பிடுங்கிப் பார்த்தீர்களா?

கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் தன் முதல் யூஎஸ்பி டிரைவரை, அதாவது கருவியோடு கெர்னலைப் பேச வைக்கும் கோடை, காட்டினார். செருகினால் ஓடுகிறது, டேட்டா வருகிறது. "ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கிப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். "புரோக்ராமை நிறுத்திட்டுத்தானே பிடுங்குவாங்க" என்றார். இதே பதிலை நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான், அதனால் சிரிக்க முடியவில்லை.

லினக்ஸ் கெர்னலில் கருவி செருகப்பட்டால் நம் டிரைவரின் ப்ரோப் என்ற ஃபங்ஷன் அழைக்கப்படும், போனால் டிஸ்கனெக்ட் என்ற ஃபங்ஷன். ஐடி டேபிளில் எண்ணை மாற்றிப் போடுவது, ரிட்டர்ன் வேல்யூவைப் பார்க்க மறப்பது போன்ற சில்லறைத் தவறுகளை இங்கே எழுதப் போவதில்லை, அவை அன்றே பிடிபட்டுவிடும். பிடுங்கும்போதுதான் வெளியே வரும் தவறுகள் மட்டும் இங்கே.

டிஸ்கனெக்டில் கேஃப்ரீ

ப்ரோப்பில் ஒரு ஸ்ட்ரக்சருக்கு மெமரி எடுக்கிறோம், டிஸ்கனெக்டில் கேஃப்ரீ போடுகிறோம். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, கணக்கு நேர் என்று தோன்றும். ஆனால் அந்த நேரத்தில் ஏதோ ஒரு புரோக்ராம் நம் டிவைஸ் ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறதே? கருவி போனாலும் திறந்த ஃபைல் அப்படியேதான் இருக்கும். அடுத்து வரும் ரீட், ஏன், ஃபைலை மூடும்போது கடைசியில் வரும் ரிலீஸ்கூட, பழைய பாயின்டரைப் பிடித்துக்கொண்டு நாம் விட்டுவிட்ட மெமரிக்குள் போய் நிற்கும்.

என் டிரைவரில் இது வெடித்தபோது, வெடித்த இடம் என் டிரைவரே இல்லை. நான் விட்ட இடத்தை, அதே அளவு கேட்ட வேறு யாருக்கோ கெர்னல் கொடுத்துவிட்டது. என் ரிலீஸ் போய் அங்கே ஓபன் கவுண்டரில் ஒன்றைக் குறைத்தது. ஊப்ஸ் (கெர்னல் தன் கோடில் தவறு கண்டதும் தரும் எரர்) வந்ததோ ஃபைல் சிஸ்டம் கோடில். ரேமை மாற்றினோம், டிஸ்க்கைச் சந்தேகப்பட்டோம், ஃபைல் சிஸ்டம் எழுதியவர்களை மனசுக்குள் திட்டினேன். இரண்டு வாரம் போச்சு. கடைசியில் மெமரித் தவறுகளைப் பிடிக்கும் கேசானை ஆன் செய்து கெர்னலை பில்ட் செய்தேன். முதல் தடவை பிடுங்கியதுமே எங்கே எடுத்தது, எங்கே விட்டது, யார் தொட்டது என்று மூன்றையும் காட்டிவிட்டது, மூன்றிலும் என் ஃபங்ஷன் பெயர். 2015-இல் வந்த 4.0 முதலே கேசான் கெர்னலில் இருக்கிறது, இன்னமும் அதைப் போடாமல் டிரைவர் எழுதுகிறவர்களைப் பார்த்தால் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இதைவிட எரிச்சல், இதற்கு வழக்கமாகச் செய்யப்படும் 'திருத்தம்'. ஸ்ட்ரக்சருக்குள்ளேயே ஒரு ஃப்ளாக் வைத்து, டிஸ்கனெக்டில் அதை 1 ஆக்கி, அடுத்த வரியில் அதே ஸ்ட்ரக்சரைக் கேஃப்ரீ செய்வார்கள். வீட்டை இடித்துவிட்டு, இடித்த விஷயத்தை அந்த வீட்டுச் சுவரிலேயே எழுதி வைப்பது மாதிரி. இன்னும் சிலர் டெவ்எம் அலோகேஷனுக்கு மாறிவிட்டால் தானாகப் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். பார்த்துக்கொள்ளும்தான், ஆனால் அது டிரைவர் கருவியிலிருந்து பிரிந்த உடனே விட்டுவிடும், யாராவது ஃபைலை மூடட்டும் என்று காத்திருக்காது. அதே குழிதான், கேஃப்ரீ என்ற வரி மட்டும் கண்ணில் படாது.

செய்ய வேண்டியது கேரெஃப், அதாவது ஸ்ட்ரக்சரை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணுவது. ப்ரோப்பில் எண்ணிக்கை ஒன்றில் தொடங்கும், ஒவ்வொரு ஓபனும் ஒன்று கூட்டும், டிஸ்கனெக்டும் ஒவ்வொரு ரிலீஸும் ஒன்று குறைக்கும், பூஜ்யத்தைத் தொடுகிற இடத்தில்தான் கேஃப்ரீ. டிஸ்கனெக்ட் முதலில் மைனரை (டிவைஸ் ஃபைலின் எண்ணை) திருப்பிக் கொடுத்துப் புது ஓபன்களை அடைக்க வேண்டும், மியூட்டெக்ஸ் என்ற பூட்டைப் பிடித்து, கருவி போய்விட்டது என்ற ஃப்ளாகை வைக்க வேண்டும், பிறகு நடுவழியில் இருக்கும் யூஆர்பிகளை (கருவிக்குப் போன டேட்டா கோரிக்கைகளை) கில் செய்து, தூங்கும் ரீடர்களை எழுப்பி, கடைசியாகத் தன் பங்கைக் குறைக்க வேண்டும். ரீடும் ரைட்டும் அதே மியூட்டெக்ஸுக்குள் ஃப்ளாகைப் பார்த்து, யூஆர்பியை சப்மிட் செய்த பிறகுதான் அதை விட வேண்டும். பார்த்ததும் விட்டால் அந்தச் சந்தில் டிஸ்கனெக்ட் நுழைந்துவிடும்.

எல்லோரும் காப்பியடிக்கும் யூஎஸ்பி ஸ்கெலிட்டன் டிரைவரே இந்த விஷயத்தில் சறுக்கியிருக்கிறது. கருவி போனதற்கு அடையாளமாக இன்டர்ஃபேஸ் பாயின்டரை நல் ஆக்கி வைத்தார்கள். யூஆர்பி முடிந்ததும் அழைக்கப்படும் கம்ப்ளீஷன் ஹேண்ட்லர்கள் முடிவதற்கு முன்பே அது நல் ஆகிவிடுவதால், எரர் மெசேஜ் அச்சடிக்கப் போன ஹேண்ட்லர் விழ வாய்ப்பிருந்தது. 2019-இல்தான் தனி ஃப்ளாக் வந்தது. பழைய பதிப்பிலிருந்து ஒட்டியிருந்தால் உங்கள் கோடை இன்றைக்கே திறந்து பாருங்கள்.

டிஸ்கனெக்ட் வந்தால் கருவி போய்விட்டது என்று நினைப்பது

மாட்யூலைக் கழற்றினாலும் வரும், சிஸ்எஃப்எஸ்ஸில் அன்பைண்ட் எழுதி டிரைவரை மட்டும் பிரித்தாலும் வரும். கருவி போர்ட்டிலேயே பத்திரமாக இருக்கும், அடுத்த நொடி ப்ரோப்பும் வரலாம். போகும் முன் கருவிக்கு ஒரு 'நிறுத்து' அனுப்ப வேண்டுமென்றால் டிரைவரின் சாஃப்ட் அன்பைண்ட் ஃப்ளாகை 1 ஆக்குங்கள், இல்லாவிட்டால் டிஸ்கனெக்ட் உங்களிடம் வருவதற்குள் அந்த இன்டர்ஃபேஸின் எண்ட்பாயின்ட்களை (டேட்டா போய்வரும் வழிகளை) யூஎஸ்பி கோர் அடைத்திருக்கும்.

ஈப்ரோட்டோ வந்ததும் மறுபடி சப்மிட்

பிடுங்கிய நொடிக்கும் ஹப் அதைக் கவனிப்பதற்கும் நடுவே கொஞ்சம் நேரம் உண்டு. அந்த இடைவெளியில் ஒவ்வொரு யூஆர்பியும் ஈப்ரோட்டோ, ஈஇல்செக், ஈடைம் என்று ஏதாவது ஒரு எரரோடு திரும்பும், எது என்பது ஹோஸ்ட் கன்ட்ரோலரைப் பொறுத்தது. ஹேண்ட்லர் உடனே சப்மிட் செய்தால் அது திரும்ப, இது அனுப்ப, லாக் நிரம்பி வழியும். எண்ணிக்கை வைத்து, கொஞ்சம் தள்ளிப் போட்டு முயலுங்கள். யூஆர்பி நிறுத்தப்பட்டதைச் சொல்லும் ஈஷட்டவுன், ஈநோயென்ட், ஈகான்ரீசெட் வந்தால் சத்தமில்லாமல் திரும்பிவிடுங்கள்.

ப்ரோப்பில் டிவைஸை முதலிலேயே ரிஜிஸ்டர் செய்வது

கடைசியில் செய்யுங்கள். அடுத்த வரிக்கு முன்பே ஒருவன் ஓபன் செய்துவிடுவான்.

பூட்டைப் பிடித்தபடி கேன்சல் ஒர்க் சிங்க்

இந்த ஃபங்ஷன், பின்னணியில் ஓடும் ஒர்க் முடியும்வரை காத்திருக்கும். அந்த ஒர்க்கும் அதே பூட்டைக் கேட்டால் இரண்டும் அங்கேயே நிற்கும். டிஸ்கனெக்ட் ஓடுவது ஹப்பின் ஒர்க்கில் என்பதால், அந்த ஹப்பில் அப்புறம் எதைச் செருகினாலும் கெர்னலுக்குத் தெரியாது.

அன்பைண்டை மட்டும் வைத்துச் சோதிப்பது

ஒரு பக்கம் ரீட் லூப், இன்னொரு பக்கம் அன்பைண்ட், பைண்ட் என்று இரவு முழுக்க ஓட விடுவது நல்லதுதான். தம்பியின் டிரைவர் அதில் மூன்றாவது சுற்றிலேயே விழுந்தது. ஆனால் அன்பைண்டில் அந்த ஈப்ரோட்டோ இடைவெளி வராது, அதற்குக் கையால்தான் பிடுங்க வேண்டும், டேட்டா வேகமாக ஓடும்போது, பல முறை.