பழைய கௌபாய்களின் குதிரை நினைவுகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்த பிறகு, டெக்சாஸ் மாநிலத்தின் நீண்ட கொம்பு மாடுகளைக் கான்சாஸ் மாநிலத்து இரயில் நிலையங்கள் வரை ஓட்டிச் சென்ற இளைஞர்களில் பலர், முதுமையில் தங்கள் வேலைக் குதிரைகளைப் பற்றி விரிவாகப் பேசியிருக்கிறார்கள். சிலர் தாமே எழுதினார்கள். வேறு பலருடைய நினைவுகளை, 1930களின் பிற்பகுதியில் அமெரிக்க அரசின் கூட்டாட்சி எழுத்தாளர் திட்டப் பணியாளர்கள் நேரில் கேட்டு எழுதிவைத்தார்கள். ஆனால் திரைப்படமும் சித்திரக்கதையும் மனத்தில் பதித்த உருவங்களோடு இப்பதிவுகளை அணுகும் வாசகர், அவற்றில் உள்ளதை விட்டுவிட்டுத் தாம் எதிர்பார்த்ததையே படித்துச் செல்கிறார்.

ஒருவருக்கு ஒரே குதிரை என்று எண்ணிக்கொள்வதுதான் தவறுகளில் பெரியது; மற்றவற்றில் பல இதிலிருந்தே கிளைக்கின்றன. மந்தை ஓட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 6 முதல் 10 குதிரைகள் ஒதுக்கப்பட்டன. பொதுவாகச் சேணம் அவருடையது, குதிரைகள் பண்ணையினுடையவை. புல்லை மட்டுமே மேய்ந்து வாழ்ந்த ஒரு சிறிய குதிரையால், மாடுகளை மடக்கித் திருப்பும் வேலையை நாள் முழுவதும் செய்து மறுநாளும் அதே வேகத்தில் ஓட முடியாது என்பதே இதற்குக் காரணம். காலையில் ஏறிய குதிரையை நண்பகலில் மாற்றினார்கள். அதற்குப் போதிய ஓய்வு கிடைத்த பிறகே மீண்டும் அதன்மேல் சேணம் ஏறியது. ஓய்விலிருந்த குதிரைகள் எல்லாம், 'ரெமுடா' என்று அழைக்கப்பட்ட ஒரே கூட்டமாக, பெரும்பாலும் குழுவில் வயது குறைந்த ஒருவனின் பொறுப்பில் மந்தையோடு நகர்ந்தன. விடியற்காலையில் அவற்றைச் சுற்றி இடுப்பளவு உயரத்தில் ஒற்றைக் கயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். அதைத் தாண்டக் கூடாது என்று பழகிய குதிரைகள் உள்ளேயே நிற்க, சுருக்குக் கயிறு வீசுவதில் தேர்ந்த ஒருவர், அவரவர் கேட்கும் குதிரையைப் பிடித்துக் கொடுப்பார்.

இந்த ஏற்பாட்டை அறியாதவருக்கு நினைவுகளில் வரும் சில கோபங்கள் விளங்குவதில்லை. ஒருவருக்கு ஒதுக்கிய குதிரையில் மற்றொருவர் கேட்காமல் ஏறுவது கடும் அவமதிப்பாகக் கருதப்பட்டது. குழுத்தலைவரே ஒருவருடைய குதிரைகளில் ஒன்றை எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால், வேலையை விட்டுப் போகலாம் என்று வாய்திறவாமல் சொல்வதாகவே அதை எடுத்துக்கொண்டார்கள். சட்டப்படி பண்ணைக்குச் சொந்தமான விலங்கின்மீது உழைப்பினால் மட்டுமே வந்த இந்த உரிமையுணர்வைத்தான், இந்த நினைவுகளில் மிகவும் மதிக்கத்தக்கதாக நான் கருதுகிறேன்.

நல்ல குதிரை என்று முதியவர் ஒருவர் சொல்லும்போது, எந்த வேலைக்கு நல்லது என்று கேட்காமல் கடந்து செல்வது அடுத்த தவறு. மந்தைக்குள் மெல்ல நுழைந்து ஒரு மாட்டை மட்டும் பிரித்து வெளியே கொண்டுவரும் குதிரை வேறு. கயிற்றில் சிக்கிய மாடு இழுக்கும்போது காலூன்றித் தாங்கும் குதிரை வேறு. பெருகி ஓடும் ஆற்றை அஞ்சாமல் நீந்தும் குதிரை வேறு. இவற்றுள் இரவுக் காவலுக்கான குதிரைக்கே தனிமரியாதை இருந்தது. இடி மின்னலில் மந்தை மிரண்டு ஓடினால், விலங்குகள் தோண்டிய வளைகள் நிறைந்த குண்டுகுழியான நிலத்தில் இருட்டோடு இருட்டாகப் பாய வேண்டியிருக்கும். எனவே வேகத்தைவிட உறுதியான காலடியும், கலங்காத குணமும், ஏறியிருப்பவர் திசை தவறினாலும் முகாமுக்குத் திரும்பிவிடும் அறிவுமே அதற்கு முக்கியமாயிற்று. பகலில் மந்தமானது என்று ஒதுக்கப்பட்ட குதிரை இரவில் உயிர்காத்த கதைகளைப் படிக்கும்போது, இந்தப் பிரிவினையை நினைவில் கொள்ள வேண்டும்.

அவர்கள் ஏறியவை இன்றைய கட்டுமஸ்தான குவார்ட்டர் இனக் குதிரைகள் என்று கற்பனை செய்வதும் சரியன்று. அந்த இனத்துக்கான பதிவுச் சங்கம் 1940இல்தான் தோன்றியது. மந்தை ஓட்டக் காலத்துக் குதிரைகளில் பெரும்பாலானவை, ஸ்பானியர் கொண்டுவந்த குதிரைகளின் வழிவந்த, தோள் உயரம் 140 சென்டிமீட்டரை ஒட்டிய மட்டக்குதிரைகள்.

குதிரையைப் பழக்கிய முறையைப் பற்றிய பகுதிகளை இன்றைய பயிற்சிக்கு வழிகாட்டியாகக் கொள்வதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். பல பண்ணைகளில், தலைக்கு இவ்வளவு என்று கூலி பேசிக்கொண்ட ஒருவர், சில முறை மட்டுமே சேணமிட்டு ஏறி, அரைகுறையாகப் பழகிய குதிரையைக் கௌபாயிடம் ஒப்படைத்துவிட்டுச் செல்வார். சேணத்தின் விலையைவிடக் குதிரையின் விலை குறைவாக இருந்த காலத்தின் கணக்கு அது. குதிரையின் இயல்பை ஆராய்ந்து கண்ட அறிவு அன்று. அதே நூற்றாண்டில் கலிபோர்னியாவின் வக்கேரோக்கள் எனப்பட்ட மெக்சிகோ மரபு மாடு மேய்ப்பர்கள், வாயில் இரும்புக் கடிவாளம் இடாமல் மூக்குப்பட்டையில் தொடங்கி, ஒரு குதிரையை முழுமையாகப் பழக்கப் பல ஆண்டுகள் செலவிட்டார்கள். கௌபாய் தொழிலின் கருவிகளும் நுட்பங்களும் பெரும்பாலும் இந்த மெக்சிகோ மரபிலிருந்தே வந்தவை. வெள்ளையரின் நினைவுகளை மட்டும் படித்துவிட்டு நிறுத்துபவருக்கு இது தெரியாமலே போகிறது. முரட்டுக் குதிரைகளைப் பழக்கும் ஆபத்தான வேலையில் கறுப்பினத்தவர் பலர் ஈடுபட்டிருந்ததும் அவ்வாறே மறைந்துபோகிறது.

முதியவர்களின் நினைவுகளைக் கேட்டு எழுதிய கூட்டாட்சி எழுத்தாளர் திட்டப் பணியாளர்கள் பெரும்பாலும் குறிப்பெடுத்து, பிறகு அதை விரித்து எழுதினார்கள். ஆகவே பதிவில் உள்ள ஒவ்வொரு சொல்லும் அந்த முதியவரின் வாயிலிருந்து வந்தது என்று மேற்கோள் காட்டக் கூடாது. 50 ஆண்டுகள் கழித்துச் சொல்லும்போது ஆண்டுகள் குழம்பும், தாண்டிய பள்ளத்தின் அகலம் கூடும். அதற்காக எல்லாவற்றையும் கட்டுக்கதை என்று தள்ளுவதும் பிழையே. நாள்தோறும் செய்த வேலையின் ஒழுங்கைப் பற்றி, ஒருவரையொருவர் அறியாத பலர் ஒன்றுபோலவே சொல்கிறார்கள்.

ஒரு பக்கத்தில் குழந்தைபோல் அடங்கிய குதிரை, சில பக்கங்கள் தள்ளி அதே மனிதரைத் துள்ளி எறிந்துவிட்டதாக வருவதைக் கண்டு, சொன்னவர் முரண்படுகிறார் என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. மந்தை வேலை முடிந்ததும், குளிர்காலத்துக்குத் தேவையான சிலவற்றைத் தவிர, மற்றக் குதிரைகளைத் திறந்தவெளியில் மேய விட்டுவிடுவார்கள். மாதக்கணக்கில் சேணமே படாமல் திரிந்த குதிரை, வசந்தகாலத்துக் குளிர்ந்த காலைப்பொழுதில் முதன்முறையாகச் சேணம் ஏறும்போது துள்ளுவது இயல்பு. அந்த இரண்டு நிகழ்ச்சிகளும் எந்தப் பருவத்தில் நடந்தன என்று பார்த்தாலே, முரண்பாடாகத் தோன்றியவற்றில் பல தீர்ந்துவிடும்.