இன்சோலும் நைட் கார்டும் வாங்குமுன் ஒரு தங்கூசி எடுங்கள்

ஷூவுக்குள் வைக்கும் இன்சோலும், தூங்கும்போது பல்லில் மாட்டும் நைட் கார்டும் உடம்பை நிமிர்த்தும் என்று விற்கிறார்கள். ஆனால் நேராக நிற்கிறோமா என்று பார்க்க மெஷின் எதற்கு? மண்டபம், பாம்பன் பக்கம் தங்கூசிக்கும் (தூண்டில் நைலான் நரம்பு) ஈயக்குண்டுக்கும் பஞ்சமா என்ன! குண்டைக் கட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிட்டு, அதை ஒட்டிப் பக்கவாட்டாக நின்று, வீட்டில் யாரையாவது போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். காது, தோள்பட்டை, இடுப்பு மூட்டு மூன்றும் தங்கூசியை ஒட்டி வரவேண்டும், கீழே அது கணுக்கால் மொழிக்குச் சற்று முன்னால் இறங்கவேண்டும்.

அப்புறம் பாதத்தை நனைத்துச் சிமெண்ட் தரையில் அச்சு வையுங்கள். கடற்கரை ஈரமணலில் பார்த்துவிட்டு என் தம்பி தனக்குத் தட்டைப் பாதம் என்று ஒரு வாரம் புலம்பினான். மணல் உள்ளங்கால் வளைவுக்குள்ளும் ஏறி நிரம்பிக்கொள்ளும், அங்கே எல்லோர் காலும் தட்டைதான். சிமெண்டிலும் முழுப் பாதம் பதிந்தால், முன்னங்காலில் எம்பி நில்லுங்கள். அப்போது வளைவு எழுந்து, வலியும் இல்லையென்றால் பணத்தை மிச்சப்படுத்துங்கள். எழவில்லை, அல்லது வலிக்கிறது என்றால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்சோல் ரப்பர் செருப்பில் நிற்காது. குதிகாலைப் பிடிக்கும் ஷூ வேண்டும், அதில் ஏற்கெனவே இருக்கும் அட்டையை உருவிவிட்டுத்தான் இதை வைக்கவேண்டும். முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு தினமும் கொஞ்சம் கூட்டுங்கள். முழங்காலில் புது வலி வந்தால் கழற்றுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் இரவில் உள்ளங்காலைப் பார்த்தே ஆகவேண்டும், மரத்த காலுக்குப் புண் தெரியாது. ஒரு கால் குட்டை என்று நீங்களாகவே ஒரு ஷூவில் மட்டும் அட்டை சொருகாதீர்கள். இடுப்பு சாய்ந்திருந்தாலும் கால் குட்டையாகத் தெரியும். இன்னொன்று, இன்சோல் போட்டால் முதுகுவலி வராமல் தடுக்கலாம் என்பதை மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2007 ஆய்வுத் தொகுப்பே ஏற்கவில்லை.

நைட் கார்டு தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கானது. காலையில் நெற்றிப்பொட்டு வலிக்கும், தாடை இறுகும், பக்கத்தில் படுப்பவர் சத்தம் கேட்டதாகச் சொல்வார். அதைப் போட்டால் தோள் நிமிரும் என்று விற்கிறார்கள், அதற்கு உறுதியான சான்று இல்லை. பல் மருத்துவரிடம் அச்செடுத்துச் செய்யுங்கள். வெந்நீரில் மென்மையாக்கிக் கடிக்கும் ரகம் விளையாட்டுக்குச் சரி, மாதக்கணக்கில் இரவெல்லாம் போட வேண்டாம். பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள், நம்மூர் வெயிலில் பைக் பெட்டிக்குள் விட்டால் நெளிந்துபோகும். கழற்றி வெகுநேரமாகியும் பல் பழையபடி சேரவில்லையென்றால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள், எது உதவியது எது கெடுத்தது என்றே தெரியாது. நாலு வாரம் கழித்து அதே தங்கூசி, அதே இடம், இன்னொரு போட்டோ.