ஆக்சிமீட்டரில் 98 வந்தாலும் கீழ் இமையைப் பாருங்கள்

போன குறுவை நடவில், நீடாமங்கலம் பக்கத்து வயலில் ஒரு அக்கா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். நாலு முடி (கட்டு) நாற்றைத் தூக்கினாலே மேல்மூச்சு வாங்குகிறது. முதல் நாள்தான் எங்கேயோ விரலில் ஆக்சிமீட்டரை (ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்று காட்டும் மிஷின்) மாட்டி, "98 இருக்கு, ஒண்ணுமில்ல, போங்க" என்று அனுப்பியிருக்கிறார்கள். நான் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பே இல்லை. ரத்தம் சோதித்தால், ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபின் 100 மி.லி.க்கு 6 கிராம்தான். கிராம சுகாதார செவிலியரான எனக்கு அந்த 98 மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

முதலில் சரியாக மாட்டுங்கள். சேற்றுத் தண்ணீரில் நின்ற கை சில்லிட்டு, விரல் நுனி சுருங்கியிருக்கும். அதில் எண் தாறுமாறாகத்தான் வரும். கழுவித் துடைத்து, உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்குங்கள். நகப்பாலிஷ் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஆளை உட்காரவைத்து, கையை மடியில் அசையாமல் வைக்கச் சொல்லி, எண் ஓரிடத்தில் நிற்கும்வரை பொறுங்கள். 94க்குக் கீழேயே நின்றால் உடனே மருத்துவமனை.

98 வந்தால்? நாற்றங்காலில் இருந்து முடி சுமக்கும் ஆட்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஹீமோகுளோபினில் நாலு இரும்பு அணு. ஒவ்வொன்றும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடிக்கும். ஆக, ஆளுக்கு நாலு முடி. நுரையீரலில் ஏற்றிக்கொண்டு, உழைக்கிற தசையில் இறக்கும். அங்கே சூடும் கரியமில வாயுவும் கூடக்கூடப் பிடி தளர்ந்து இன்னும் தாராளமாக இறக்கும். திரும்பும்போதும் வெறுங்கையோடு வராது: கரியமில வாயுவில் ஐந்தில் ஒரு பங்கைச் சுமந்து வரும், இரும்பில் இல்லை, புரதப் பகுதியில். மீதியில் பெரும்பகுதி பைகார்பனேட்டாக மாறி ரத்த நீரில் கரைந்து வரும்.

விரல் வழியே சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் பாய்ச்சி அந்த மிஷின் பார்ப்பது, வந்த ஆட்களின் சுமை நிறைந்திருக்கிறதா என்பதை மட்டும்தான். எத்தனை ஆள் வந்தார்கள் என்று அதற்குத் தெரியாது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமப்பது ஏறக்குறைய 1.34 மி.லி. ஆக்சிஜன். 12 கிராம் இருக்கிற பெண்ணின் 100 மி.லி. ரத்தத்தில் 16 மி.லி. போகும். அந்த அக்காவுக்கு எட்டுதான். இரண்டு பேருக்கும் மிஷின் 98 காட்டும்.

அதனால் படி ஏறினால் மூச்சு வாங்குது, படபடன்னு வருது என்று சொன்னால் இமை, நாக்கு, உள்ளங்கை மூன்றையும் பாருங்கள். வெளுத்திருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். பெண்களுக்கு 12க்குக் கீழே, கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனால் ரத்தசோகை.

இன்னோர் இடத்திலும் மிஷின் ஏமாறும். மழைக்கு அஞ்சி டீசல் எஞ்சினை மூடிய கொட்டகைக்குள் ஓட்டுகிறார்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அந்த இரும்பைப் பிடித்துக்கொள்ளும். மிஷின் அதையும் ஆக்சிஜன் என்றே எண்ணி நல்ல எண்ணைக் காட்டும். தலைவலி, வாந்தி, கிறுகிறுப்பு என்றால் எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். ஆளை வெளிக்காற்றுக்குத் தூக்கிப் போய் 108ஐக் கூப்பிடுங்கள்.

அந்த அக்கா மருத்துவமனையில் இருந்து திரும்பிய பிறகு ஒன்று தெரிந்தது. முன்பு கொடுத்த சத்து மாத்திரையை வரப்பில் பத்து மணி டீயோடு விழுங்கியிருக்கிறார். டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. இப்போது ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், எலுமிச்சைச் சாற்றோடு. "கறுப்பா போவுது நர்ஸம்மா" என்று பயந்தார். அது மாத்திரையின் இரும்புதான்க்கா, நிறுத்தாதீங்க என்றேன்.