பியோனிக்குப் பதில் அடுக்கு மல்லிகை: யாழ்ப்பாண வளவுக்கு ஏற்ற முறை

பியோனிப் பூவின் படத்தைப் பார்த்துவிட்டு, கிழங்கு எங்கே வாங்கலாம் என்று தேடுகிறீர்களா? யாழ்ப்பாணத்தில் அதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். பியோனி பூக்க வேண்டுமென்றால் பல வாரங்களுக்கு 5 பாகையை ஒட்டிய குளிர் வேண்டும். இங்கே தை மாத இரவில்கூட 20 பாகைக்குக் கீழே போவது அரிது. இலை வரலாம், பூ வராது.

இதழ்மேல் இதழாக நிறைந்த பூதான் ஆசை என்றால் அடுக்கு மல்லிகை இருக்கிறது. அதற்கும் ஓர் ஓய்வு தேவைதான். ஆனால் அந்த ஓய்வைக் குளிர் தர வேண்டியதில்லை. தண்ணீரைக் குறைத்து, கத்தரிக்கோலால் நாமே கொடுத்துவிடலாம்.

1. இடம்

நாளுக்கு ஆறு மணித்தியாலமாவது வெயில் விழ வேண்டும். மாமரத்தடி சரிவராது. எங்கள் பக்கத்தில் மல்லிகையைக் கிணற்றடியில் வைப்பதுதான் வழக்கம், தண்ணீர் தானாகப் போய்விடும் என்ற நினைப்பு. கொடி செழிக்கும், இலை பளபளக்கும், பூ மட்டும் எண்ணித்தான் பூக்கும். கால் எப்போதும் ஈரமாக இருந்தால் மல்லிகைக்குப் பூக்கும் எண்ணமே வராது.

2. கிடங்கு

நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஓரடி. வலிகாமத்துச் செம்மண்ணில் சில இடங்களில் அலவாங்கு ஓரடிக்குள்ளேயே கல்லில் முட்டும். அங்கே கல்லோடு மல்லுக்கட்ட வேண்டாம், மண்ணைக் கூட்டி மேடு கட்டி நடுங்கள். நன்றாக மக்கிய மாட்டெரு ஒரு கடகம் கலந்தால் போதும். அடுப்புச் சாம்பல் வேண்டவே வேண்டாம். நம் மண்ணிலும் கிணற்றுத் தண்ணீரிலும் சுண்ணாம்பு ஏற்கெனவே தாராளம், சாம்பல் அந்தக் காரத்தை இன்னும் கூட்டும்.

3. கன்று

தடியை வெட்டி ஊன்றினால் அடுக்கு மல்லிகை பல நேரம் பட்டுவிடும். பதியம் நம்பிக்கையானது. பக்கத்து வீட்டில் செடி இருந்தால் கேட்டுப் பாருங்கள். தாழ்ந்த கொப்பு ஒன்றைத் தெரிந்து, கணுவுக்குக் கீழே பட்டையை லேசாகச் சுரண்டி, இரண்டு அங்குலம் மண்ணில் புதைத்து, மேலே ஒரு கல்லை வையுங்கள். நுனி வெளியே நிற்கட்டும். இரண்டு மூன்று மாதத்தில் வேர் விடும். மெதுவாக இழுத்துப் பாருங்கள், விடாமல் பிடித்தால் தாய்ச்செடியிலிருந்து வெட்டலாம்.

4. நடுதல்

ஐப்பசியின் முதல் மழையோடு நடுங்கள். செடிக்குச் செடி நாலடி. மாரியில் அடியில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், வாய்க்கால் ஒன்று வெட்டி வடிய விடுங்கள்.

5. கத்தரித்தல்

மிச்சமெல்லாம் கொஞ்சம் பிசகினாலும் செடி தாங்கும், இது ஒன்றுதான் பூவைத் தீர்மானிக்கிறது. மல்லிகை புதுத் துளிரின் நுனியில்தான் அரும்பு வைக்கும். பழைய கொப்பைப் பார்த்துக்கொண்டிருந்து பயனில்லை. ஒரு வயது கழிந்த செடிக்கு, தையில் மழை ஓய்ந்தபின் இரண்டு கிழமை தண்ணீரைக் குறையுங்கள். இலை சற்று வாடும், பயப்பட வேண்டாம். அப்புறம் நிலத்திலிருந்து ஒன்றரை அடி விட்டு மிச்சத்தை வெட்டுங்கள். காய்ந்த கொப்பையும் எஞ்சிய இலையையும் எடுத்துவிடுங்கள். வெட்ட மனம் வராது, பார்க்கிறவர்களும் "ஐயோ, செடியைக் கொன்றுவிட்டியே" என்பார்கள். அடி மண்ணைக் கொத்தி, எருப் போட்டு, இப்போது தாராளமாகத் தண்ணீர் விடுங்கள். பங்குனி, சித்திரையில் அரும்பு பார்க்கலாம். ஒரு தொகுதி பூத்து ஓய்ந்ததும் நுனிகளைக் கிள்ளிவிட்டால் அடுத்த துளிர் வரும்.

6. நோய்களும் பூச்சிகளும்

இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 கிராம் பெரஸ் சல்பேற் கலந்து இலையில் தெளியுங்கள். அரும்பு ஊதா நிறமாகிச் சிறு துளை தெரிந்தால் உள்ளே மொட்டுப்புழு இருக்கிறது. அந்த அரும்பைக் கிள்ளி எரித்துவிடுங்கள், செடியடியில் போட்டால் புழு திரும்ப ஏறும். வெயில் காலத்தில் இலைக்கு அடியில் சிவப்புச் சிலந்தி வந்தால், இலையின் கீழ்ப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாகப் பீச்சுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் லீற்றருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயும் கொஞ்சம் சவர்க்காரமும் கலந்து பின்னேரத்தில் அடியுங்கள்.